கிட்டப் போனால் எட்டப் போகும் விண்கலம்

கெர்பல் ஸ்பேஸ் ப்ரோகிராம் விளையாட்டில் இரண்டு விண்கலங்களை இணைக்கவே முடியவில்லை. நெருங்கும்போதே விலகிவிடுகிறது. என்ன செய்வது?
– கல்லூரி மாணவர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

இலக்கைப் பார்த்து நேராக எஞ்சினை முடுக்குகிறீர்கள், அதுதான் சிக்கல். வேகம் கூடினால் சுற்றுப்பாதை உயர்ந்து கலம் பின்தங்கிவிடும். பின்னால் இருந்தால் சற்றுத் தாழ்ந்த பாதைக்கு இறங்குங்கள். தானாக எட்டிப் பிடிப்பீர்கள். மிக நெருங்கும் இடத்தில் வேகமானியை 'டார்கெட்'டுக்கு மாற்றி, சார்பு வேகத்தைப் பூஜ்யமாக்குங்கள். பிறகு சிறு உந்திகள் மட்டும் போதும்.

நிஜத்திலும் இதே நிதானம்தான். இஸ்ரோவின் விண்கல இணைப்புச் சோதனையான ஸ்பேடெக்ஸில் தலா 220 கிலோ செயற்கைக்கோள்கள் இரண்டும் 15 மீட்டரில் நின்று, 3 மீட்டரில் நின்று, 2025 ஜனவரி 16 அன்று இணைந்தன. அதற்கு முந்தைய ஒத்திகையில் 3 மீட்டர் வரை கொண்டுவந்து பின்வாங்கினார்கள். நீங்களும் தயங்காமல் பின்வாங்குங்கள். கடைசிப் பத்து மீட்டரில் நொடிக்கு 0.2 மீட்டரைத் தாண்டாதீர்கள்.