பீரோவில் வைத்த மாத்திரை அட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை. ஆனால் பதிலை எல்லோரும் படிக்கிறமாதிரி எழுதுகிறேன். இதே கேள்வியைக் கேட்க வந்து, கடைசியில் முழங்கால் வலிக்கு மட்டும் மருந்து வாங்கிக்கொண்டு எழுந்துபோகிற பெண்களை என் மருத்துவமனையில் நிறையப் பார்க்கிறேன்.

உங்களுக்கு 49 வயது. மாதவிலக்கு நின்று ஒன்றரை வருடம். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே குப்பென்று முகத்துக்குச் சூடு ஏறி, ரவிக்கை நனைந்துபோய், பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகையைத் துடைக்கிறீர்கள். இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்து உட்காருகிறீர்கள். அம்மா 71 வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர், பிறகு யார் துணையும் இல்லாமல் நடக்கவே இல்லை. மருத்துவர் ஹார்மோன் மாத்திரை எழுதித் தந்தார், வாங்கியும் வந்துவிட்டீர்கள். “அதைச் சாப்பிட்டால் மார்பில் புற்று வரும்” என்று நாத்தனார் சொன்னதிலிருந்து அட்டை பிரிக்காமல் பீரோவில் கிடக்கிறது. தொடங்கவா, வேண்டாமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பவை எல்லாம் சரியாக இருந்து, மார்பகப் பரிசோதனையிலும் ரத்த அழுத்தத்திலும் குறை ஒன்றும் இல்லையென்றால், அந்த மருந்தால் உங்களுக்கு வரக்கூடிய நன்மை அதன் கெடுதலைவிடப் பெரிது. தொடங்கலாம்.

இனி நாத்தனாரின் பயத்துக்கு வருகிறேன். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பயம் 2002 ஜூலையில் உலகம் முழுக்கப் பரவியது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் நடத்திய ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற ஆய்வில், கர்ப்பப்பை எடுக்கப்படாத 16,608 பெண்கள் சேர்ந்திருந்தார்கள். பாதிப்பேருக்கு ஹார்மோன், மீதிப்பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. சராசரியாக 5.2 ஆண்டு ஆனபோது, கெடுதல் கூடுகிறது என்று ஆய்வையே நிறுத்திவிட்டார்கள். செய்தித்தாள்களில் முதல் பக்கச் செய்தி. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கூட்டம் கூட்டமாக நிறுத்தினார்கள். எழுதிக்கொடுத்த மருத்துவர்களும் பேனாவை மூடிக்கொண்டார்கள்.

அந்த ஆய்வில் உண்மையில் என்ன கண்டார்கள்? 10,000 பெண்களை ஓராண்டு பார்த்தால், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 30 பேருக்கு மார்பகப் புற்று வந்தது, ஹார்மோன் சாப்பிட்டவர்களில் 38 பேருக்கு. எட்டுப் பேர் கூடுதல். மாரடைப்பு போன்ற இதய நோய் 7 பேருக்கும், பக்கவாதம் 8 பேருக்கும், நுரையீரலில் ரத்தக்கட்டி 8 பேருக்கும் கூடியது. அதே 10,000 பேரில் பெருங்குடல் புற்று 6 பேருக்குக் குறைந்தது. இடுப்பெலும்பு முறிவு 15 பேரிலிருந்து 10 பேராக இறங்கியது. இந்தக் கடைசிக் கணக்கு முதல் பக்கத்தில் வந்ததாக யாரும் நினைவு வைத்திருக்கவில்லை.

யாரை வைத்து எடுத்த கணக்கு என்பதும் முக்கியம். அந்தப் பெண்களின் சராசரி வயது 63. மூன்றில் இரண்டு பங்குப் பேர் 60-ஐத் தாண்டியவர்கள். வயதான பெண்களுக்கு ஹார்மோன் கொடுத்தால் இதய நோயைத் தடுக்க முடியுமா என்று பார்க்கத்தான் அந்த ஆய்வு தொடங்கியது. வேர்வையில் நனைந்து தூக்கம் கெட்ட 49 வயதுப் பெண்ணுக்கு என்ன செய்வது என்ற கேள்வியை அது கேட்கவே இல்லை. கொடுத்த மருந்தும் ஒரே வகை: சினைக்குதிரையின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட்ரோஜன், அதோடு மெட்ராக்சிபுரொஜெஸ்டிரோன் என்ற செயற்கைப் புரொஜெஸ்டிரோன். பிறகு வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, மாதவிலக்கு நின்று பத்தாண்டுக்குள் தொடங்கியவர்களுக்கு இதய நோய் கூடியதாகத் தெரியவில்லை. 18 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2017-ல் வெளியிட்ட கணக்கில், ஹார்மோன் சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் இறப்பு விகிதத்தில் வேறுபாடு இல்லை. கர்ப்பப்பை எடுக்கப்பட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் சாப்பிட்ட பெண்களுக்கு மார்பகப் புற்று குறைந்தே இருந்தது.

இதைச் சொல்லிவிட்டு, ஆபத்தே இல்லை என்று முடித்தால் உங்களை ஏமாற்றியவளாவேன். இரண்டு ஹார்மோனையும் சேர்த்து நெடுநாள் சாப்பிட்டால் மார்பகப் புற்று கூடுவது உண்மை. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் ‘லான்செட்’ இதழில் வந்த கணக்கு இது: 50 வயதில் தொடங்கி ஐந்தாண்டு தினமும் இரண்டையும் சாப்பிட்டால், ஐம்பது பேருக்கு ஒருவர் என்ற அளவில், அடுத்த இருபது ஆண்டில் கூடுதலாகப் புற்று வரும். மேலைநாட்டுப் பெண்களை வைத்து எடுத்தது அது. நம் நாட்டில் மார்பகப் புற்றின் விகிதம் அங்கிருப்பதைவிடக் குறைவு. இயற்கைப் புரொஜெஸ்டிரோன் மாத்திரையில் இந்த ஆபத்து இன்னும் குறையலாம் என்று பிரெஞ்சு ஆய்வுகள் சொல்கின்றன. இருந்தாலும் அந்த ஒருவர் நானாக இருந்தால் என்று உங்களுக்குத் தோன்றினால் அதில் தப்பே இல்லை. ஆண்டுக்கொரு முறை மருத்துவரைப் பார்த்து, இன்னும் தேவையா, அளவைக் குறைக்கலாமா என்று கேட்கச் சொல்வதும் அதனால்தான்.

எதற்கு இரண்டு மாத்திரை என்று கேட்டிருந்தீர்கள். சூட்டையும் வேர்வையையும் அடக்குவது ஈஸ்ட்ரோஜன். அதை மட்டும் கொடுத்தால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துப்போய் அங்கே புற்று வரலாம் என்பது 1975-லேயே தெரிந்துவிட்டது. அதைத் தடுக்கத்தான் புரொஜெஸ்டிரோன். கர்ப்பப்பை உள்ள பெண் இரண்டையும் சாப்பிட வேண்டும். ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது. தோலில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஜெல்லும் கிடைக்கிறது. வாய்வழி மாத்திரை நேரே கல்லீரலுக்குப் போய் ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுகிறது. தோல்வழிப் போவதில் அந்தச் சிக்கல் தெரியவில்லை. உடல் பருமனோ ரத்தக் கொதிப்போ இருந்தால் ஜெல்லைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். வறட்சி, எரிச்சல், திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று இவை மட்டுமே தொல்லை என்றால் பிறப்புறுப்பில் இடும் ஈஸ்ட்ரோஜன் களிம்பே போதும். அது உடம்பில் ஏறுவது மிகக் கொஞ்சம். பல பெண்கள் கணவரிடம்கூடச் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் இதைச் சகித்துக்கொள்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

எலும்புக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் அம்மாவைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது. நான் அந்த வரியில்தான் நின்றேன்.

எலும்பு ஒருநாளும் சும்மா இருப்பதில்லை. பழையதை அரித்தெடுக்கும் உயிரணுக்களும் புதிதாகக் கட்டும் உயிரணுக்களும் ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு எலும்பு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. அரிப்பவற்றைக் கட்டுக்குள் வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன். சினைப்பை ஓய்ந்ததும் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. எவ்வளவு கட்டினாலும் அரிப்புக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. மாதவிலக்கு நிற்பதற்கு ஓராண்டு முன்னிருந்து நின்றபின் சில ஆண்டுகள் வரை இழப்பு மிக வேகமாக நடக்கும். நின்றபின் ஐந்து முதல் ஏழு ஆண்டுக்குள் சிலருக்கு எலும்பு அடர்த்தியில் ஐந்தில் ஒரு பங்குவரை போய்விடுகிறது. வலிக்காது. எந்த அறிகுறியும் காட்டாது. இருபது ஆண்டு கழித்துக் குளியலறையில் தெரியும். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துபோகிறார். பிழைத்தவர்களில் பலர் பழைய நடைக்குத் திரும்புவதே இல்லை. அதை நீங்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டீர்கள்.

மேலைநாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு சராசரியாக 51 வயதில் நிற்கிறது. நம் பெண்களுக்கு 46, 47-லேயே நின்றுவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் இல்லாத ஆண்டுகள் நமக்கு அவ்வளவு அதிகம். வெயில் கொளுத்தும் ஊரில் இருந்தும் நம்மில் பெரும்பாலோருக்கு வைட்டமின் டி குறைவு. கால்சியமும் போதவில்லை. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் வேண்டும். பால், மோர், கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை எல்லாம் உதவும். நடையும், எடை தாங்கி வேலை செய்வதும் உதவும். ஆனால் ஈஸ்ட்ரோஜன் போன வேகத்தில் நடக்கும் இந்த இழப்பைக் கேழ்வரகுக் கூழ் மட்டும் நிறுத்திவிடாது. சோயா எலும்பு முறிவைக் குறைக்கும் என்பதற்கும் உறுதியான சான்று இல்லை.

ஹார்மோன் மாத்திரை இந்த இழப்பைத் தடுக்கும். ஆனால் அதை நிறுத்தினால் அந்தப் பாதுகாப்பு தங்காது. சில ஆண்டுக்குள் எலும்பு பழைய வேகத்தில் கரையத் தொடங்கும். ஆகவே நிறுத்தும் காலம் வரும்போது அடுத்து என்ன என்று மருத்துவரைக் கேட்டுவையுங்கள். வாரம் ஒருமுறை சாப்பிடும் அலெண்ட்ரோனேட், ஆண்டுக்கொருமுறை ஊசியாக ஏற்றும் ஜோலெட்ரோனிக் அமிலம் என்று மருந்துகள் இருக்கின்றன. 65 வயதில் ஒருவர் எலும்புக்காக மட்டும் என்னிடம் வந்தால் நானும் அவற்றைத்தான் எழுதுவேன், ஹார்மோனை எழுதமாட்டேன். சூடும் வேர்வையும் உள்ள 49 வயதுப் பெண்ணுக்கு ஒரே மருந்து இரண்டையும் கவனித்துக்கொள்கிறது. உங்களுக்கு நான் சரி என்று சொல்வதற்குக் காரணம் அதுதான். எலும்பு அடர்த்தியைப் பார்க்க டெக்ஸா ஸ்கேன் எடுங்கள். அதில் வரும் ‘டி ஸ்கோர்’ என்ற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால்தான் எலும்புப்புரை. அடுக்குமாடி வாசலில் குதிகாலில் கருவி வைத்துப் பார்க்கும் இலவச முகாம் முடிவை நம்பி எதையும் தொடங்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். இந்த மருந்து கட்டாயம் தேவைப்படும் பெண்களுக்குத்தான் அது மிகக் குறைவாகப் போய்ச்சேருகிறது. அதிக உதிரப்போக்கு என்றும் வெள்ளைப்படுதல் என்றும் முப்பது முப்பத்தைந்து வயதில் கர்ப்பப்பையை எடுத்து, “இனி எதற்கு” என்று சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்ட பெண்கள் அவர்கள். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இந்த அறுவை மிக அதிகம். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் வேலைநாள் கெடாமல் இருக்கக் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டது 2019-ல் செய்தியானது. நம் ஊரிலும் இப்படிப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். ஒரே நாளில் ஈஸ்ட்ரோஜன் அற்றுப்போன உடம்பு அது. வேறு தடை இல்லையென்றால், இயல்பாக மாதவிலக்கு நிற்கும் வயதுவரையாவது அவர்களுக்கு ஹார்மோன் கொடுக்கவேண்டும் என்பதில் மருத்துவ உலகில் இரண்டு கருத்து இல்லை. அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது எத்தனை பேருக்கு இதைச் சொல்கிறார்கள்? உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

கோயில் விசேஷம், கல்யாணம் என்றால் மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை வேண்டும் என்று மருந்துக்கடையில் கேட்டு, சீட்டே இல்லாமல் வாங்கி விழுங்குகிறோமே, அதுவும் ஹார்மோன்தான். அதை யாரும் பயப்படாமல் சாப்பிடுகிறார்கள். பரிசோதனை செய்து, அளவு பார்த்து மருத்துவர் எழுதியதைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறார்கள். இது எனக்குப் பொறுக்கவில்லை.

2025 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், இந்த மருந்துகளின் மேல் இருபது ஆண்டுக்கு மேலாக இருந்த கடும் எச்சரிக்கைகளில் பெரும்பகுதியை நீக்குவதாக அறிவித்தது. அதைக் கேட்டு எல்லோரும் சாப்பிடலாம் என்று மறுபக்கம் ஓடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. 1966-ல் ராபர்ட் வில்சன் என்ற அமெரிக்க மருத்துவர், ஒவ்வொரு பெண்ணும் இளமையோடு இருக்க ஈஸ்ட்ரோஜன் சாப்பிடவேண்டும் என்று புத்தகம் எழுதினார். அந்த உற்சாகத்தின் விலைதான் 1975-ல் தெரிந்த கர்ப்பப்பைப் புற்று. மார்பகப் புற்று வந்தவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ கால் ரத்தக்கட்டியோ வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது. அவர்களுக்கு வேறு வழிகள் உண்டு.

“இந்த வயதில் எல்லோருக்கும் வருவதுதானே, பொறுத்துக்கொள்” என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அமெரிக்காவில் பல ஆண்டுகள் நடந்த ஓர் ஆய்வில், இந்தச் சூடும் வேர்வையும் அடிக்கடி வரும் பெண்களுக்கு அது நீடித்த காலத்தின் நடு அளவு 7.4 ஆண்டு. அத்தனை ஆண்டுத் தூக்கத்தை விட்டுக்கொடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

அடுத்த வாரம் எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே போங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, மேமோகிராம், கர்ப்பப்பை ஸ்கேன் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். அம்மாவின் எலும்பு முறிவைச் சொல்லுங்கள்; குடும்பத்தில் மார்பகப் புற்றோ ரத்தக்கட்டியோ இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். முடிந்தால் நாத்தனாரையும் கூட்டிப்போங்கள். தொடங்கி மூன்று மாதம் கழித்துத் திரும்பக் காட்டுங்கள். முதல் சில மாதம் லேசான கசிவு இருக்கலாம். அதன்பிறகும் உதிரம் பட்டாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, மார்பில் கட்டி தட்டுப்பட்டாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருத்துவர்