ஒலியில் இருட்டு உண்டா?

மாணவர்களே! ஜாஸ் இசைக் கலைஞர்கள் ஒரு சிம்பலின் ஒலியை ‘இருண்டது’ என்பார்கள். மற்றொன்றைப் ‘பளிச்சென்றது’ என்பார்கள். ஒலிக்கு ஏது இருட்டு?

சிம்பல் என்பது வட்டமான வெண்கலத் தட்டு. உயர்தரச் சிம்பல்கள் பலவற்றில் ஏறத்தாழ 80 சதவீதம் தாமிரம், 20 சதவீதம் வெள்ளீயம். டிரம் வாசிப்பவர் குச்சியால் இடைவிடாது தட்டித் தாளம் காட்டும் பெரிய சிம்பலுக்கு ‘ரைடு’ என்று பெயர். 1940-களில் நியூயார்க்கில் கென்னி கிளார்க் போன்ற கலைஞர்கள், காலால் மிதித்து ஒலிக்கும் பெரிய டிரம்மிலிருந்து இப்பணியை ரைடுக்கு மாற்றினர்.

குச்சி பட்டதும் தட்டு ஒரே சமயத்தில் பல அதிர்வெண்களில் அதிர்கிறது. வீணைக் கம்பியின் மேற்சுரங்கள் அடிப்படை அதிர்வெண்ணைப் போல் 2, 3, 4 மடங்காக அமையும். தட்டில் இந்த ஒழுங்கு இல்லை. ஆகவே தனிச் சுரம் கேட்பதில்லை. பரந்த இரைச்சலே கேட்கிறது.

தட்டு மெல்லியதானால் விறைப்பு குறையும், அதிர்வெண்களும் தாழும். தாழ்ந்த ஒலிகள் ஓங்கி, கூரிய ஒலிகள் அடங்குவதே ‘இருட்டு’. மெல்லிய தட்டு சற்று வளைந்து கொடுப்பதால் கைக்கும் இதமாக இருக்கும்.

ஆனால் மிகவும் மெலிந்தால், ஓர் அடியின் இரைச்சல் அடங்குமுன் அடுத்த அடி அதில் மூழ்கிவிடும், தாளம் தெளியாது. மிகவும் தடித்தால் அடி தெளிவாகக் கேட்கும், இருட்டோ போய்விடும். இரண்டுக்கும் நடுவே சரியான கனத்தைக் காண்பதே செய்பவரின் திறமை.

செய்து பாருங்கள்: ஒரே உலோகத்தில், ஒரே அகலத்தில், கனம் மட்டும் வேறுபட்ட இரு பாத்திர மூடிகளைக் குமிழைப் பிடித்துத் தூக்கிப் பென்சிலால் தட்டுங்கள். எது தாழ்ந்து ஒலிக்கிறது?