நிலக்கரிப் புகையும் கடல்நீரும்

பேராக் மாநிலம் மஞ்சோங் வட்டாரத்தில், கடலைத் தூர்த்து எழுப்பிய தீவொன்றில் சுல்தான் அஸ்லான் ஷா மின்னிலையம் நிற்கிறது. தீபகற்பத்தின் வீடுகளுக்கு ஒளி தர அங்கே நிலக்கரி எரிகிறது. அப்புகையில் சாம்பல் தூளும் கந்தக வாயுவும் உண்டு. தடுக்காவிடில் அவை அக்கம்பக்கத்து மக்களின் மூச்சில் சேரும்.

சாம்பலைப் பிடிக்கும் முறை எளிதில் விளங்கும். தலையில் தேய்த்த சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதுபோல், மின்னூட்டிய தகடுகள் தூளை இழுத்துக்கொள்கின்றன. கந்தகமே தொல்லை. தோட்டத்து மக்களாகிய நாம் திராவகத்தை நன்கறிவோம்: சிறிது ஊற்றினாலே பால் உறைந்துவிடும். உறையாதிருக்கச் சேர்க்கும் அம்மோனியாவோ காரம். புகையிலுள்ள கந்தக வாயுவும் நீரில் கரைந்தால் அமிலமாகும். கடல்நீர் இயற்கையிலேயே சற்றுக் காரத்தன்மை உடையது. ஆதலால் புகையைக் கடல்நீரால் கழுவுகிறார்கள். கரைந்த வாயு, பின்னர்க் காற்றூட்டப்பட்டு, கடலில் முன்னமே ஏராளமாயுள்ள சல்பேட்டாக மாறுகிறது.

2015இல் இயங்கத் தொடங்கிய நான்காம் பிரிவு ஏறத்தாழ 1,000 மெகாவாட் ஆற்றலுடையது. மிகுந்த அழுத்தமும் வெப்பமும் கொண்ட நீராவியால் இயங்குவதால், அதே அளவு மின்சாரத்துக்குப் பழைய பிரிவுகளைவிடக் குறைந்த நிலக்கரியே அதற்குப் போதும். ஆயினும் கரியமில வாயுவை இக்கருவிகள் பிடிப்பதில்லை. அது புகைபோக்கி வழியே வெளியேறிவிடுகிறது. புதிய நிலக்கரி மின்னிலையங்களைக் கட்டுவதில்லை என 2021இல் மலேசிய அரசு அறிவித்தமைக்கு இதுவே காரணம்.