‘பேசேன்’ என்பது எக்காலம்?

மாணவ நண்பர்காள்! விடுதித் தாழ்வாரங்களிலும் வகுப்பறை வாயில்களிலும் நாடோறும் நாம் கேட்கும் வாக்கியங்கள் சில உள. ‘எனக்குக் கணிதம் வாராது’, ‘ஆங்கிலம் எனக்கு எட்டாது’, ‘நான் மேடையிற் பேசேன்’ என்பன அவை. இவற்றைச் சொல்வோர் தம்மைப்பற்றிய உண்மையொன்றைக் கூறுவதாகவே கருதுகின்றனர். அக்கருத்து எத்துணை வலியுடைத்து என்பதனைச் சிறிது ஆராய்வாம்.

யாமும் இவ்வாறு கூறிவந்தேம். முதலாண்டில், தமிழ்ச்சங்கக் கூட்டமொன்றில், ஒரு தீர்மானத்தை வழிமொழிய எழுந்தேம். அவைத்தலைவரை விளித்த அளவில் நா வறண்டது; மனப்பாடஞ் செய்துவைத்த உரை முற்றும் மறந்தது; சிறிது பொழுது விழித்து நின்று, பின் அமர்ந்தேம். அன்றிரவு முதல் ‘யாம் மேடைக்கு உரியேம் அல்லேம்’ என்பதே எம் கொள்கையாயிற்று. ஓராண்டுக் காலம் கடைசி விசிப்பலகையே எமக்கு இடமாயிற்று.

எம்மைத் திருத்தியது இலக்கணப் பாடமே. ‘பேசினேன்’, ‘பேசுகின்றேன்’, ‘பேசுவேன்’ என்னும் முற்றுக்களிற் காலங்காட்டும் இடைநிலைகள் உள. ‘பேசேன்’ என்னும் எதிர்மறை முற்றிலோ அத்தகைய இடைநிலை யாதுமில்லை; இடம் நோக்கி அது முக்காலத்துக்குஞ் செல்லும். ‘பேசிற்றிலேன்’ என்பதோ இறந்தகாலத்து நிகழ்ச்சியொன்றனையே குறிக்கும். எமக்கு நேர்ந்தது ‘பேசிற்றிலேம்’ என்பது. யாம் எமக்கு எழுதிக்கொண்ட தீர்ப்போ ‘பேசேம்’ என்பது. ஒரு மாலைப்பொழுதின் செய்தியை வாழ்நாள் முழுமைக்கும் விதியாக்கிவிட்டேம்!

இப்பிழையைச் செய்தற்கு எம்மினும் மிக்க காரணம் உடையவர் ஒருவர் இருந்தார். அவர் காந்தியடிகள். சட்டம் பயில 1888-ஆம் ஆண்டில் இலண்டன் சென்ற அவர், ஆங்குச் சைவ உணவாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இடம்பெற்றும் வாய்திறக்க அஞ்சினார். ஒருமுறை தம் கருத்தை எழுதிக்கொண்டு சென்றும், அதனைப் படிக்கவும் துணிவின்றிப் பிறரொருவரே படிக்க நேர்ந்தது. 1891-இல் நண்பர்க்கு அளித்த பிரிவு விருந்திலும் முதல் வாக்கியத்துக்கு அப்பாற் சொல் எழவில்லை. பின்னர்ப் பம்பாயிற் சிறுவழக்கு நீதிமன்றத்தில் முப்பது ரூபாய் ஊதியத்துக்கு ஏற்ற முதல் வழக்கில், எழுந்து நின்றவர் தலைசுழன்று அமர்ந்தார். வழக்கை வேறொருவரிடம் ஒப்புவிக்கச் சொல்லி நீங்கினார். இவையனைத்தையும் அவரே தம் ‘சத்திய சோதனை’யில் ஒளியாது உரைத்துள்ளார்.

இத்துணைச் சான்றுகள் இருப்ப, ‘யான் பேசேன்’ என்று அவர் முடிவுசெய்திருப்பின் யார் குறைகூறுவர்? ஆயினும் 1893-இல் தென்னாப்பிரிக்கா சென்று, பிரிட்டோரியா நகரில் இந்தியரைக் கூட்டி, வாணிகத்தில் உண்மை பேணுதலைப்பற்றி உரையாற்றினார். அதுவே தம் வாழ்வின் முதற் பொதுச் சொற்பொழிவு எனலாம் என்பது அவர் கூற்று. மறு ஆண்டு நேட்டால் இந்தியக் காங்கிரசு தோன்றிற்று.

இடைப்பட்ட காலத்தில் அவர் நாவிற்குப் புதுவன்மை பிறந்ததோ? அன்று. பேசுபொருளை ஆராய்ந்து ஆயத்தமாகச் சென்றார் என்பது ஒன்று. பிறந்த நாட்டினின்று பெயர்ந்து வந்து இழிவுற்று வாழும் மக்களின் நிலை அவர் நெஞ்சை நிறைத்தது என்பது மற்றொன்று. ‘என்னை எவ்வாறு மதிப்பர்?’ என்னும் கவலை இருந்த இடத்தில் ‘இவர்க்கு இதனைச் சொல்லல் வேண்டும்’ என்னும் கடமை வந்து அமர்ந்தது என்பதே எம் துணிபு. கூச்சம் அவரை முற்றும் விட்டு நீங்கவில்லை. அதுவே தமக்குச் சொற்சுருக்கத்தைக் கற்பித்தது என்று பிற்காலத்தில் நன்றியுடன் எழுதினார். நாவன்மை இல்லையென்று தயங்கிய மோசேயின் வரலாற்றிலும் அவர் நாக் குணமடைந்ததாக யாம் படித்திலேம். ஆரோன் துணையாக வர, பணி நடந்தேறிற்று என்றே படிக்கின்றேம். குறை இருத்தல் வேறு. குறை தடையாதல் வேறு.

ஆகவே ‘இயலாது’ என்னுஞ் சொல் எழும்போது மூன்று செய்தல் நன்று. முதலாவது, அதற்குக் காலமும் இடமும் கொடுத்து எழுதுக: ‘இன்ன நாளில், இன்ன தேர்வில், இக்கணக்கை யான் செய்திலேன்’ என்க. இரண்டாவது, அன்று குறைந்தது யாது, பயிற்சியா, ஆயத்தமா, துணையா என்று வினவுக. மூன்றாவது, பிறர்க்குப் பயன்படும் சிறு செயலொன்றில் மீண்டும் முயல்க.

யாம் அவ்வாறே முயன்றேம். விடுதியில் முதலாண்டு மாணவர் மூவர்க்கு மாலைதோறும் புணர்ச்சி விதிகளை விளக்கத் தொடங்கினேம். அவர்க்கு விளங்கவேண்டுமே என்னுங் கவலையில் எம்மை மறந்தேம். இவ்வாண்டு சங்க மேடையில் ஐந்து நிமிடம் பேசினேம். கை நடுங்கிற்று, குரலும் இருமுறை தடுமாறிற்று. ஆயினும் சொல்லவந்ததைச் சொல்லி முடித்தே அமர்ந்தேம்.

எல்லாரும் எல்லாம் வல்லராவர் என்பது எம் கருத்தன்று. எல்லை ஒவ்வொருவர்க்கும் உண்டு. ஆனால் அது முயன்று காணற்பாலதேயன்றி, ஒருநாள் தோல்வியை நட்டு வேலியிடற்பாலதன்று. நண்பர்காள்! நம்மைப்பற்றி நாம் கூறும் எதிர்மறைகளுக்கெல்லாம் காலங்காட்டக் கற்போமாக.