வட்டமா, பன்னிருகோணமா?

புது தில்லியிலுள்ள கோல் மார்க்கெட், தலைநகர் புதிதாக உருவாகி வந்த காலத்தில், 1921ஆம் ஆண்டு கட்டப்பட்ட அங்காடி ஆகும். சாலைகள் வந்து கூடும் வட்டச் சந்திப்பின் நடுவே அது நிற்கிறது. இந்தியில் ‘கோல்’ என்பதற்கு ‘வட்டமான’ என்று பொருள். ஆயினும், அருகில் சென்று சுவர்களை எண்ணுவோர் அக்கட்டடம் வட்டம் அன்று என்பதை அறிவர். அதற்குப் பன்னிரண்டு பக்கங்கள் உள்ளன.

இவ்வடிவத்தை ஆங்கிலத்தில் ‘டோடெக்ககன்’ என்பர். அரிதாகவே வழங்கும் இச்சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. பிரித்துப் பார்த்தால் இதன் பொருள் எளிதில் விளங்கும். ‘தோதெக்கா’ என்பது பன்னிரண்டு. ‘கோனியா’ என்பது கோணம். தோதெக்காவையும் மேலும் பிரிக்கலாம். அதில் இரண்டைக் குறிக்கும் சொல் முன்னும், பத்தைக் குறிக்கும் ‘தெக்கா’ பின்னும் நிற்கின்றன. தமிழிலோ பத்து முன்னும் இரண்டு பின்னும் நிற்கும்: பத்து + இரண்டு = பன்னிரண்டு. வரிசை மாறினும் எண்ணிய முறை ஒன்றே.

‘கோனியா’ என்பது, முழங்காலைக் குறிக்கும் ‘கோனு’ என்னும் கிரேக்கச் சொல்லோடு உறவுடையது. காலை மடக்கினால் முழங்காலில் ஒரு கோணம் உண்டாவதைக் காணலாம். தமிழில் ‘கோணுதல்’ என்றால் வளைதல். ஒலியும் பொருளும் நெருங்கியிருப்பதால், இவ்விரண்டும் ஒரே வேரில் பிறந்தவை என்று எண்ணத் தோன்றும். ஆனால், ஒலி ஒற்றுமை மட்டுமே சான்றாகாது. அங்காடியின் பெயரே இதற்கு எடுத்துக்காட்டு. இந்தியில் ‘கோல்’ வட்டத்தைக் குறிக்கும். தமிழில் ‘கோல்’ நேரான குச்சியைக் குறிக்கும். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மொழி வேறு, பொருளும் வேறு.

வீட்டில் தமிழும் வீதியில் இந்தியும் வகுப்பில் ஆங்கிலமும் பேசும் மாணவர்க்கு இத்தகைய சொற்கள் நாள்தோறும் எதிர்ப்படும். அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. கேட்டவுடன் முடிவு செய்யவும் வேண்டுவதில்லை. சொல்லைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எம்மொழியில் எப்பொருள் தருகிறது என ஆராய்தல் வேண்டும். பெயரை மட்டும் கேட்டவருக்கு அவ்வங்காடி வட்டம். பக்கங்களை எண்ணியவருக்கோ பன்னிருகோணம்.

சொற்பொருள்
அங்காடி – கடைகள் நிறைந்த இடம்
எதிர்ப்படும் – முன்னே வந்து தோன்றும்
சான்று – ஆதாரம்

பயிற்சி
1. கோல் மார்க்கெட் வட்டம் அன்று என்பதை எவ்வாறு அறியலாம்?
2. ‘தோதெக்கா’, ‘பன்னிரண்டு’ ஆகிய சொற்களுக்கிடையே உள்ள ஒற்றுமையையும் வேற்றுமையையும் எழுதுக.
3. கிரேக்கத்தில் ‘ஒக்தோ’ என்பது எட்டு. தில்லியில் ஹுமாயூன் கல்லறைக்கு அருகிலுள்ள ஈசா கான் கல்லறை ‘ஆக்டகன்’ வடிவம் உடையது. அவ்வடிவத்தைத் தமிழில் எவ்வாறு கூறுவாய்?
4. எழுதுகோல், அளவுகோல் என்பன போலக் ‘கோல்’ என முடியும் வேறு மூன்று சொற்களை எழுதுக.
5. தமிழிலும் இந்தியிலும் ஒலி ஒத்து, பொருள் வேறுபடும் ஒரு சொல்லை வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டு எழுதுக.