கருப்பைவாய்ப் புற்றுநோய்: இடமும் காலமும்

தோற்றுவாய்

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலர் அதனைத் தலைவிதியோடு சேர்த்தே எண்ணுகிறோம். யாருக்கு வரும், யாருக்கு வராது என்று எவராலும் கூற இயலாது என்பது பொதுவான நம்பிக்கை. புற்றுநோய்களுள் சிலவற்றிற்கு இக்கூற்று ஓரளவு பொருந்தலாம். பெண்களைத் தாக்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு இது பொருந்தவே பொருந்தாது. இந்நோயின் காரணம் தெரியும். வருமுன் காக்கும் வழியும் தெரியும். தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் குணப்படுத்தும் முறையும் தெரியும். அவ்வாறிருந்தும் 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 6 இலட்சத்து 60 ஆயிரம் பெண்கள் இந்நோய்க்கு ஆளாயினர். ஏறத்தாழ 3 இலட்சத்து 50 ஆயிரம் பேர் மாண்டனர் என மதிப்பிட்டுள்ளனர். அதே ஆண்டில் இந்தியாவில் நோயுற்றோர் 1 இலட்சத்து 27 ஆயிரத்துக்கு மேல். இறந்தோர் ஏறத்தாழ 80 ஆயிரம்.

இவ்விரு கணக்குகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். உலக அளவில் புதிய நோயாளிகள் 100 பேருக்கு இறப்பு ஏறத்தாழ 53. இந்தியாவிலோ அது 63. நோய் ஒன்றுதான், ஆனால் அதன் முடிவு இடத்துக்கு இடம் மாறுகிறது. நோய் தோன்றும் அளவும் அவ்வாறே மாறுகிறது. இந்த வேறுபாடுகள் எவை, காலப்போக்கில் அவை எவ்வாறு மாறின, ஏன் மாறின என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயின் இயல்பு

கருப்பையின் அடிப்பகுதியில், பிறப்புப் பாதையை நோக்கி அமைந்துள்ள குறுகிய பகுதியே கருப்பைவாய். அங்குள்ள உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் இப்புற்றுநோய் உண்டாகிறது. அவ்வாறு பெருகச் செய்வது மனிதப் பாப்பிலோமா வைரஸ் என்னும் கிருமி. இக்கிருமியில் பல வகைகள் உண்டு. அவற்றுள் 16-ஆம் வகை, 18-ஆம் வகை ஆகிய இரண்டுமே இந்நோயில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணமாகின்றன. 1983, 1984 ஆகிய ஆண்டுகளில் இவ்வகைகளைக் கண்டறிந்து வெளியிட்ட ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசன் அதற்காக 2008-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசினைப் பெற்றார்.

இக்கிருமி உடலுறவின் வழியே பரவுவது. இதனைச் சொல்லும்போதே ஒரு தவறான எண்ணத்தையும் விலக்க வேண்டும். உடலுறவு வாழ்க்கையில் ஈடுபட்ட ஆண், பெண் இருபாலாரில் மிகப் பெரும்பாலோரை வாழ்நாளில் ஒருமுறையேனும் இக்கிருமி தொற்றுகிறது. கணவனையன்றி வேறு எவரையும் அறியாத பெண்ணுக்கும் இது வரலாம். ஆகவே இந்நோயை ஒரு பெண்ணின் ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடுவது அறிவீனம் மட்டுமன்று, கொடுமையும் ஆகும். ஊர் என்ன பேசுமோ என்ற அச்சத்தாலேயே மருத்துவரிடம் செல்லாது நோயை மறைத்து வைத்து மாண்ட பெண்கள் பலர்.

தொற்றிய கிருமியைப் பெரும்பாலும் உடலே ஓரிரு ஆண்டுகளில் அகற்றிவிடுகிறது. ஒரு சிலரிடம் மட்டும் அது தங்கி, உயிரணுக்களை மெல்ல மெல்ல மாற்றுகிறது. இம்மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்கு 15 முதல் 20 ஆண்டுகள் வரை ஆகலாம். இந்த நீண்ட இடைக்காலமே நமக்குக் கிடைத்த வாய்ப்பு. இவ்விடைக்காலத்தில் சோதித்துப் பார்த்தால், புற்றாக மாறும் முன்பே அப்பகுதியை அகற்றிவிடலாம்.

கணக்கை ஒப்பிடும் முறை

ஓர் ஊரின் நோய் விகிதத்தை மற்றோர் ஊரோடு ஒப்பிடுவது எளிதன்று. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்வோம். அ, ஆ என இரண்டு ஊர்கள். ஒவ்வொன்றிலும் ஓர் இலட்சம் பெண்கள். 40 வயதுக்கு உட்பட்டோரில் இலட்சத்துக்கு 5 பேர், அதற்கு மேற்பட்டோரில் இலட்சத்துக்கு 50 பேர் என்ற அளவில் இரண்டு ஊர்களிலும் நோய் வருகிறது. அ என்னும் ஊரில் இளையோர் 80 ஆயிரம், மூத்தோர் 20 ஆயிரம். ஆ என்னும் ஊரில் இரு திறத்தாரும் 50 ஆயிரம். அவ்வாறாயின் முதல் ஊரில் நோயாளிகள் 4-உம் 10-உம் சேர்ந்து 14 பேர். இரண்டாம் ஊரில் 2.5-உம் 25-உம் சேர்ந்து 27.5. நோயின் வேகம் இரண்டிலும் ஒன்றே. எனினும் இரண்டாம் ஊரில் நோய் இரு மடங்கு என்று நாம் தவறாக எண்ணிவிடுவோம்.

இப்பிழையைத் தவிர்க்கவே எல்லா ஊர்களுக்கும் ஒரே வகையான வயது அமைப்பு இருப்பதாகக் கொண்டு விகிதத்தைக் கணக்கிடுகின்றனர். இதுவே வயதுச் சீராக்க விகிதம். கீழே கூறப்படும் விகிதங்கள் ஓர் இலட்சம் பெண்களுக்கு ஓராண்டில் இத்தனை புதிய நோயாளிகள் எனக் காட்டும் சீராக்கப்பட்ட விகிதங்களே.

உலகில் ஏற்றத்தாழ்வு

2020-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி கிழக்கு ஆப்பிரிக்காவில் இவ்விகிதம் 40, மேற்காசியாவிலோ 4. பத்து மடங்கு வேறுபாடு! மேற்காசியச் சமூகங்களின் வழக்கங்கள் இக்கிருமி பரவுவதற்கு இடம் குறைவாகத் தருவதே அங்கு நோய் குறைந்திருக்கக் காரணம் என்பர். ஆப்பிரிக்காவில் சோதனை வசதிகள் குறைவு. அதனுடன் எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமியும் சேர்ந்துகொண்டது. உடலின் எதிர்ப்பாற்றலை அக்கிருமி குலைப்பதால், அதற்கு ஆளான பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஆறு மடங்காகிறது. உலகில் இந்நோயால் இறப்போருள் 100-க்கு 94 பேர் ஏழை நாடுகளையும் நடுத்தர வருவாயுள்ள நாடுகளையும் சேர்ந்தவர்கள்.

செல்வம் மிகுந்த நாடுகளில் நோய் தானே குறைந்துவிடும் என்று இதிலிருந்து முடிவு கட்டலாமா? கூடாது என்கிறது வட ஐரோப்பாவின் வரலாறு.

வட ஐரோப்பா புகட்டிய பாடம்

கருப்பைவாயிலிருந்து உயிரணுக்களைச் சுரண்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசி, நுண்ணோக்கியால் ஆராயும் முறையை நமக்கு அளித்தவர் கிரேக்க நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரிந்த ஜார்ஜ் பாபனிக்கொலா. 1941-இலும் 1943-இலும் அவரது முறை விரிவாக வெளிவந்தது. 1960-களில் வட ஐரோப்பிய நாடுகள் இம்முறையைக் கைக்கொண்டன. பின்லாந்தும் ஐஸ்லாந்தும் பெண்களின் பெயர்ப்பட்டியலைக் கொண்டு ஒவ்வொருவருக்கும் அழைப்புக் கடிதம் அனுப்பிச் சோதித்தன. நார்வேயில் அத்தகைய ஏற்பாடு மக்களுள் மிகச் சிறு பகுதியினருக்கே அப்போது எட்டியது. ஏனையோர் தாமாக மருத்துவரிடம் சென்றால்தான் சோதனை.

விளைவு என்ன? 1965-க்கும் 1982-க்கும் இடையில் இந்நோயால் ஏற்பட்ட இறப்பு ஐஸ்லாந்தில் 80 விழுக்காடும் பின்லாந்தில் 50 விழுக்காடும் குறைந்தது. நார்வேயில் குறைந்தது 10 விழுக்காடு மட்டுமே. மூன்றும் வளமான நாடுகள். சோதனை முறையும் ஒன்றே. வேறுபட்டது நிருவாக ஒழுங்கு மட்டுமே. வருவோர் வரட்டும் என்று மருத்துவமனையைத் திறந்து வைப்பது வேறு. எவரும் விடுபடாதவாறு வீடுதோறும் அழைப்பது வேறு. இவ்வேறுபாட்டிலேதான் ஆயிரக்கணக்கான உயிர்கள் அடங்கியிருக்கின்றன.

இந்தியாவின் நிலை

இந்தியாவில் மக்கள்தொகை அடிப்படையிலான முதல் புற்றுநோய்ப் பதிவகம் மும்பையில் 1963-இல் தொடங்கியது. சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் உருவான அடையாறு புற்றுநோய் நிலையம், 1982 முதல் மாநகரப் பதிவகத்தை நடத்தி வருகிறது. ஊரகத்துக்கென 1987-இல் மகாராட்டிரத்தின் பார்சியில் ஒரு பதிவகம் ஏற்பட்டது. இப்பதிவகங்கள் இல்லையேல் நாம் இங்கு ஒரு வரியும் எழுத இயலாது.

1980-களின் தொடக்கத்தில் சென்னையின் விகிதம் 40-ஐ ஒட்டியிருந்தது. பெண்களின் புற்றுநோய்களுள் இதுவே முதலிடம் வகித்தது. இன்று அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது; முதலிடத்தை மார்பகப் புற்றுநோய் பிடித்துக்கொண்டது. இதில் வியப்பு என்னவெனில், இவ்வீழ்ச்சியின் பெரும்பகுதி பின்லாந்தைப் போன்ற பரவலான சோதனைத் திட்டம் ஏதுமின்றியே நிகழ்ந்தது. பெண்களின் திருமண வயது உயர்ந்தமை, மகப்பேறுகளின் எண்ணிக்கை குறைந்தமை, கல்வி பெருகியமை, வாழ்க்கை வசதியும் தூய்மையும் மேம்பட்டமை ஆகியனவே காரணங்கள் எனக் கருதப்படுகின்றன. இளமை மணமும் அடுத்தடுத்த பிள்ளைப்பேறும் கருப்பைவாயை இக்கிருமிக்கு எளிதில் இலக்காக்குகின்றன. பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பியவர்கள் தாம் ஒரு புற்றுநோயையும் தடுக்கிறோம் என்று எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஆயினும் கல்வி ஒன்றே போதும் என்று கருதிவிடக் கூடாது. 2012 முதல் 2016 வரையிலான பதிவகக் கணக்கின்படி நாட்டிலேயே உயர்ந்த விகிதம் அருணாசலப் பிரதேசத்தின் பாப்பும்பரே மாவட்டத்தில் காணப்பட்டது, அது 27.7. அதற்கு அண்டையிலுள்ள அசாமின் திப்ருகட் மாவட்டத்தில் 4.8 மட்டுமே. மிசோரம் 2011 கணக்கெடுப்பில் 91 விழுக்காடு எழுத்தறிவு பெற்ற மாநிலம். அங்கும் இந்நோய் மிகுதி. மிசோரம் பெண்களிடையே புகையிலைப் பழக்கம் பரவலாக உள்ளது. புகைத்தல் இந்நோயைத் தூண்டும் காரணங்களுள் ஒன்று. ஒவ்வோர் இடத்தின் காரணத்தையும் அவ்விடத்திலேயே தேட வேண்டும் என்பதற்கு இது சான்று.

விகிதம் குறைவதைக் கண்டு மனநிறைவு கொள்வதும் தவறு. மக்கள்தொகை பெருகி, மூத்த பெண்களின் தொகையும் கூடுவதால், விகிதம் இறங்கினாலும் நோயாளிகளின் எண்ணிக்கை அந்த அளவுக்கு இறங்குவதில்லை.

திண்டுக்கல்லில் ஓர் ஆய்வு

நுண்ணோக்கியும் பயிற்சி பெற்ற வல்லுநரும் சிற்றூருக்கு எளிதில் கிட்டுவதில்லை. அதற்கு மாற்று உண்டா என்று அறியத் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் ஓர் ஆய்வு தொடங்கியது. 3 முதல் 5 விழுக்காடு வலிமையுள்ள அசிட்டிக் அமிலக் கரைசலைக் கருப்பைவாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால், மாறுதலடைந்த பகுதி வெண்மையாகத் தெரியும். வீட்டில் பயன்படும் வினிகரும் இவ்வமிலமே. இம்முறையைச் செவிலியரே செய்யலாம். முடிவும் அப்போதே தெரியும்.

30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்கள் சோதனைக்கு அழைக்கப்பட்டனர். வந்தவர்கள் 31,343 பேர். மூவரில் ஒருவருக்கு மேல் வரவில்லை. அவ்வாறிருந்தும், அழைக்கப்படாத ஊர்களோடு ஒப்பிடுகையில், அழைக்கப்பட்ட ஊர்களில் புதிதாக நோயுறுவோர் 25 விழுக்காடும் இறப்போர் 35 விழுக்காடும் குறைந்ததை 2007-இல் வெளிவந்த முடிவு காட்டியது. ஒரே ஒரு முறை செய்த சோதனையின் பயன் இது! மகாராட்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்த மற்றோர் ஆய்வு, கிருமியையே நேரடியாகக் கண்டறியும் சோதனையை ஒருமுறை செய்தாலே இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என 2009-இல் மெய்ப்பித்தது.

தமிழக அரசும் 2007-இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டமாகச் சோதனைத் திட்டத்தைத் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுதும் விரித்தது. எனினும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுள்ள தமிழகப் பெண்களுள் ஒருமுறையேனும் இச்சோதனை செய்துகொண்டவர்கள் 100-க்கு 10 பேரே. இந்திய அளவில் 2 பேர்.

தடுப்பூசி

இக்கிருமிக்கு எதிரான தடுப்பூசி 2006-இல் வந்தது. ஆஸ்திரேலியா 2007-இலும் இங்கிலாந்து 2008-இலும் பள்ளிச் சிறுமியருக்கு அதனை அளிக்கத் தொடங்கின. 12, 13 வயதில் ஊசி பெறும் வாய்ப்பு அளிக்கப்பட்ட இங்கிலாந்துப் பெண்களிடம் இந்நோய் 87 விழுக்காடு குறைந்ததை 2021-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. செல்வ நாடுகள் மட்டும்தாம் இதனைச் செய்ய இயலுமா? 2010-இல் பூட்டானும் 2011-இல் ருவாண்டாவும் தொடங்கி வெற்றி கண்டன. நம் நாட்டில் சிக்கிம் 2018-இல் சிறுமியருள் பெரும்பாலோருக்கும் ஊசி போட்டு முடித்தது. மாறாக ஜப்பான், ஆதாரமற்ற அச்சம் பரவியதால் 2013-இல் தன் பரிந்துரையை நிறுத்தியது. 70 விழுக்காடாக இருந்த பங்கேற்பு ஒன்றுக்கும் கீழே வீழ்ந்தது. 2022-இல்தான் பரிந்துரை மீண்டும் உயிர் பெற்றது.

2022-இல் இந்தியாவிலேயே ஆக்கிய தடுப்பூசிக்கு ஒப்புதல் கிடைத்தது. ஒரே ஊசியும் போதிய பாதுகாப்புத் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் அவ்வாண்டே ஏற்றுக்கொண்டது. 2030-க்குள் 15 வயதுக்கு முன் 90 விழுக்காடு சிறுமியருக்கு ஊசி, 35 வயதிலும் 45 வயதிலும் 70 விழுக்காடு பெண்களுக்குச் சோதனை, நோய் கண்டவர்களுள் 90 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை என்பது அந்நிறுவனம் 2020-இல் வகுத்த இலக்கு. விகிதம் 4-க்குக் கீழ் இறங்கினால் இந்நோய் ஒழிந்ததாகக் கொள்ளப்படும்.

முடிவுரை

இந்நோய் இரு வழிகளில் குறைவதைக் கண்டோம். ஒன்று, சென்னையிற்போல் சமூகம் மாற மாற மெல்லக் குறைவது. மற்றொன்று, பின்லாந்திற்போல் திட்டமிட்டு விரைவாகக் குறைப்பது. முதல் வழி நாற்பதாண்டுகள் கேட்கும். அதுவரை காத்திருக்க நம் அன்னையருக்கு அவகாசம் இல்லை.

இக்கல்லூரியில் பயிலும் நம்மில் பெரும்பாலோர் சிற்றூர்களிலிருந்து வருகிறோம். நம் தாயும் அத்தையும் பெரியம்மாவும் முப்பதைக் கடந்தவர்கள். அவர்களுள் பலர் இளமையிலேயே மணமானவர்கள்; தம் உடல்நலத்தைக் கடைசியாக எண்ணுகிறவர்கள். மாதவிடாய்க்கு இடையில் குருதி போதல், மாதவிடாய் நின்ற பின் மீண்டும் குருதி காணல், உறவுக்குப் பின் குருதி கசிதல், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் ஆகியவற்றை வெளியில் சொல்லக் கூசுவார்கள். இவ்வறிகுறிகள் இருப்பின் உடனே மருத்துவரை நாட வேண்டும். ஆனால் இவை தோன்றும்வரை காத்திருப்பதும் தவறு. ஒன்றும் இல்லாதபோது செய்துகொள்வதே சோதனை.

அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவியர் தம் தாயை அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒருமுறை அழைத்துச் செல்லட்டும். மாணவர்களும் வெட்கத்தை விட்டு வீட்டில் இதனைப் பேசட்டும். திண்டுக்கல் சிற்றூர்களில் அழைத்தும் வராத அந்த மூன்றில் ஒரு பங்கினரை வரவழைக்கக் கூடியவர்கள் செவிலியரை விட அவர்களுடைய பிள்ளைகளே.