மீ சன் கோயில்களும் தூ போன் ஆறும்

இளமறிவியல் வேதியியல், இரண்டாம் ஆண்டு

வியட்நாம் என்றவுடன் நம்மில் பலருக்கும் போர்தான் நினைவுக்கு வரும். அந்நாட்டின் நடுப்பகுதியில் சம்பா என்றொரு அரசு பல நூற்றாண்டுகள் செழித்திருந்தது. அதனை ஆண்ட சாம் இனத்தார் சிவபெருமானுக்குச் செங்கல்லால் கோயில்கள் எடுத்தனர். அவற்றைக் காண ஒரு பயணத் திட்டம் வகுத்து வைத்திருக்கின்றேன். பணம் இன்னும் சேரவில்லை; திட்டம் மட்டும் முடிந்துவிட்டது. அதனை நண்பர்கள் முன் வைக்கின்றேன்.

சுற்றுலா செல்வோர் கோயிலை ஒரு நாளும் ஆற்றை மற்றொரு நாளும் பார்த்துத் திரும்புகின்றனர். என் கருத்தில் இவை இரண்டல்ல. தூ போன் ஆறு மேற்கே மலைநாட்டில் பிறந்து, ஹோய் ஆன் நகரருகே கடலில் கலக்கின்றது. மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் மீ சன் கோயில்கள். அங்கிருந்து கிழக்கே வந்தால் டிரா கியூ, அதாவது சம்பாவின் பழைய தலைநகராகிய சிம்மபுரம். ஆறு கடலைச் சேருமிடத்தில் வணிகத் துறைமுகம். தெய்வம், அரசன், வணிகன் மூவரையும் இணைத்த நெடுஞ்சாலை இந்த ஆறே. ஆகவே காலையில் ஹோய் ஆனிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர் பேருந்தில் சென்று கோயில்களைக் கண்டு, திரும்பும்போது படகேற வேண்டும். அவ்வாறு அழைத்துச் செல்லும் ஏற்பாடுகள் அங்கு உண்டு. இருபுறமும் நெல்வயலும் மூங்கிலுமாக வரும் அந்த வழி வேடிக்கைக்கு மட்டுமன்று, வரலாற்றுக்கும் உகந்த வழி.

4ஆம் நூற்றாண்டின் இறுதியில் பத்திரவர்மன் என்னும் மன்னன் இங்கு ஓர் இலிங்கத்தை நிறுவி, பத்திரேசுவரன் எனத் தன் பெயரையே சூட்டினான். நிலத்தையும் இறைவனுக்கு நிவந்தமாக விட்டதை வடமொழிக் கல்வெட்டு கூறுகின்றது. முதற்கோயில் தீக்கிரையான பின், 7ஆம் நூற்றாண்டில் சம்புவர்மன் மீண்டும் எடுப்பித்தான். 13ஆம் நூற்றாண்டு வரை கட்டடப் பணி தொடர்ந்தது. பிரெஞ்சு அறிஞர் ஆன்றி பார்மாந்தியே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுபதுக்கு மேற்பட்ட கட்டடங்களைக் கணக்கெடுத்தார். 1969 ஆகஸ்டில் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசின. அவற்றுள் மிகச் சிறந்ததெனப் போற்றப்பட்ட பெருங்கோபுரம் அன்று விழுந்தது. இன்று அதனைப் பார்மாந்தியேயின் வரைபடங்களில் காண முடியும். எஞ்சியவை 1999இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. நம் நாட்டுத் தொல்லியல் துறையும் அங்கே சீரமைப்பில் ஈடுபட்டது. 2020இல் அப்பணியின்போது ஒரே கல்லாலான 9ஆம் நூற்றாண்டு இலிங்கம் வெளிப்பட்டது.

என்னை இழுப்பது இவற்றையெல்லாம் விட அந்தச் செங்கல்தான். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சாந்து இருப்பதே கண்ணுக்குத் தெரிவதில்லை. சுவரை எழுப்பிய பிறகே அதன்மேல் சிற்பம் செதுக்கியிருக்கின்றனர். பிற்காலத்தில் பழுது பார்க்க வைத்த புதுக்கற்களில் உப்புப் பூத்துப் பாசி படர்ந்தது. பழைய கல்லோ சிவப்பு மாறாமல் நிற்கின்றது. பச்சைக் கல்லாகவே அடுக்கி, முழுக் கோபுரத்தையும் நெருப்பிட்டு வேக வைத்தனர் என்று சிலர் கூறினர். என் தந்தையார் செங்கல் சூளையில் கல் அறுப்பவர். பள்ளிக்கூடம் அதிகம் சென்றதில்லை. இதைப் படித்துச் சொன்னேன். "அவ்வளவு கனத்த சுவர்ல உள்கல்லு எப்படிடா வேகும்? வெளிக்கல்லு உருகிப்போயிடும்" என்றார். ஆய்வாளர் பலரும் அதே காரணத்தால்தான் அக்கருத்தை ஏற்கவில்லை என்று பின்னர் அறிந்தேன். இத்தாலிய நாட்டு ஆய்வுக் குழுவினர், அப்பகுதியில் வளரும் ஒரு மரத்தின் பிசினே கல்லை ஒட்டியது என்பர். வேதியியல் மாணவனுக்கு இதைவிடச் சுவையான செய்தி வேறென்ன வேண்டும்?

அன்று முதல் திட்டம் இருவருக்கானது. எங்கள் குடும்பத்தில் எவரிடமும் கடவுச்சீட்டு இல்லை. ஒன்றுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். வியட்நாம் நுழைவிசைவை இணையத்திலேயே பெறலாம். ஒருமுறை செல்ல 25 டாலர். விமானச் செலவுதான் மலை. அதற்கு வேலை கிடைக்க வேண்டும். புறப்பட ஏற்ற காலம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. அக்டோபர், நவம்பரில் தூ போன் பெருகி ஹோய் ஆன் தெருக்களிலேயே படகு ஓடும். முதல் நாள் டா நாங் நகரின் சாம் சிற்பக் காட்சியகம். மீ சன் சிற்பங்களில் சிறந்தவை பலவும் அங்கேதான் இருக்கின்றன. அவற்றைக் கண்ட பின் சென்றால், வெறுமையாக நிற்கும் சுவரும் பேசும். மறுநாள் வெயிலேறுமுன் மீ சன்.

படகுப் பயணத்தின் முடிவில், ஹோய் ஆனுக்குச் சற்று முன்னே ஆற்றங்கரையில் தான் ஹா என்னும் குயவர் ஊர் இருக்கின்றது. நான் அதற்கு ஒரு மணி நேரம் என்று எழுதியிருந்தேன். தந்தையார் அரை நாள் வேண்டும் என்கின்றார். அவ்வூர்ச் சூளையையும் மண்ணையும் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். அரை நாள் என்றே திருத்தி எழுதிவிட்டேன்.